நொதியம் என்னும் அமானிதம்



அன்புக்குரிய தாய்மார்களே, தந்தைமார்களே, வாலிப சகோதர சகோதரிகளே! கண்டி நகரிலும் அக்குறணை, மடவளை, கல்ஹின்னை, கட்டுகஸ்தோட்டை, கம்பளை ஆகிய ஊர்களிலும் இருந்து இவ்வுரைக்குச் செவிசாய்க்கும் உங்கள் அனைவருடனும் இன்று ஒரு முக்கியமான விடயத்தைப் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன். நம் ஒவ்வொருவரின் உடலினுள்ளும் இரவு பகலாக உழைத்துக்கொண்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டத்தைப் பற்றியது அது. பாடசாலைப் புத்தகம் அவற்றை நொதியங்கள் என்று அழைக்கின்றது. பிள்ளைகள் பரீட்சைக்காக மனனம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகின்ற பெயர் அது. ஆனால் அந்தப் பெயரின் பொருளை அறியாமையினால் நம் மலைநாட்டில் எத்தனையோ வீடுகளில் கண்ணீர் சிந்தப்பட்டிருக்கின்றது. ஆகவேதான் இதனைப் பாடமாக அல்லாமல், நம் வீட்டு விடயமாகப் பேச வந்திருக்கின்றேன்.

வாயில் ஒரு பிடி சோறு

முதலில் ஒரு சிறு பரிசோதனை. கறி எதுவும் கலவாத ஒரு பிடி வெறும் சோற்றை வாயிலிட்டு, விழுங்காமல் ஒரு நிமிடம் நன்றாக மென்று பாருங்கள். மெல்ல மெல்ல ஓர் இனிப்புச் சுவை நாவில் ஊறுவதை உணர்வீர்கள். நாம் சீனி சேர்க்கவில்லை. அப்படியானால் இனிப்பு எங்கிருந்து வந்தது?

சோற்றில் உள்ள மாப்பொருள் என்பது, சீனி மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் கோர்க்கப்பட்ட ஒரு நீண்ட மாலை. உமிழ்நீரில் உள்ள அமிலேசு என்னும் நொதியம் அந்த மாலையை இடையிடையே வெட்டி, இனிப்பான சிறு துண்டுகளாக்குகின்றது. அதே சோற்றைச் சுத்தமான நீரில் போட்டு வைத்தால், இந்த வெட்டு வேலை நம் ஆயுட்காலத்தில் நடந்து முடியும் என்று சொல்ல முடியாது. வாயில் அது ஒரு நிமிடத்துக்குள் தொடங்கிவிடுகின்றது. பெரும் வெப்பமில்லை, கடும் அமிலமில்லை. உடலின் சாதாரண 37 பாகைச் சூட்டிலேயே அது நடக்கின்றது.

நடக்கக்கூடிய ஒரு மாற்றத்தை விரைவாக நடத்திவைத்து, தான் செலவாகிப் போகாமல் மீண்டும் அடுத்த வேலைக்குத் தயாராக நிற்கும் பொருளை ஊக்கி என்கின்றோம். உயிருள்ளவற்றின் உடலில் இவ்வாறு தொழிற்படும் ஊக்கிகளே நொதியங்கள். இவற்றுள் மிகப் பெரும்பாலானவை புரதங்கள்.

கடுகண்ணாவைப் பாதை

ஊக்கி எப்படி வேலையை விரைவாக்குகின்றது? இதனை விளங்கிக்கொள்ள நாம் தூரம் போக வேண்டியதில்லை. கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் வழியில் கடுகண்ணாவையை நினைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் மலையேறிக் களைத்தவர்களே கண்டியை வந்தடைந்தார்கள். 1820களில், ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸின் காலத்தில், கெப்டன் டோசனின் மேற்பார்வையில் பாதை வெட்டப்பட்டது. கடுகண்ணாவையில் பாறையே குடையப்பட்டது. அதன் பின்னர் வண்டிகள் ஏறி வந்தன. கொழும்பின் உயரம் மாறவில்லை. கண்டியின் உயரமும் மாறவில்லை. இடையில் கடக்க வேண்டிய சிகரம் மட்டுமே தாழ்ந்தது. அத்தோடு, ஒரு வண்டி ஏறிச் சென்றதனால் பாதை தீர்ந்துவிடுவதுமில்லை.

நொதியமும் அவ்வாறே. ஓர் இரசாயன மாற்றம் தொடங்குவதற்கு முதலில் ஏற வேண்டிய மேட்டை ஏவற்சக்தி என்பர். நொதியம் அந்த மேட்டைத் தாழ்த்துகின்றது. தொடக்கத்தில் இருந்த பொருளின் சக்தியையோ முடிவில் வரும் பொருளின் சக்தியையோ அது மாற்றுவதில்லை. நடக்க முடியாததை அது நடத்துவதில்லை. நடக்கக்கூடியதை உரிய வேகத்தில் நடத்துகின்றது. அந்த வேகத்தில்தான் நம் வாழ்வு தங்கியிருக்கின்றது. நாம் வெளிவிடும் காபனீரொட்சைட்டை இரத்தம் சுமந்து செல்வதற்கு உதவும் நொதியத்தின் ஒரேயொரு மூலக்கூறு, ஒரு செக்கனில் ஏறத்தாழ பத்து இலட்சம் தடவை தன் வேலையைச் செய்யவல்லது. சிந்தித்துப் பாருங்கள்! நாம் ஒருமுறை கண்ணிமைக்கும் நேரத்துக்குள் இலட்சக்கணக்கான தடவைகள்!

ஒவ்வொரு நொதியத்துக்கும் ஒரு வடிவம் உண்டு. நீண்ட புரத இழையொன்று பல மடிப்புகளாக மடிந்து, தன் மேற்பரப்பில் ஒரு சிறு பொந்தை உருவாக்குகின்றது. மாற்றம் அடைய வேண்டிய பொருள் அந்தப் பொந்தினுள் வந்து பொருந்துகின்றது, மாற்றம் நிகழ்கின்றது, மாறிய பொருள் வெளியேறுகின்றது, பொந்து வெறுமையாகி அடுத்ததற்குக் காத்திருக்கின்றது. இதனைப் பூட்டுக்கும் சாவிக்கும் ஒப்பிட்டவர் ஜெர்மன் அறிஞர் எமில் பிஷர், ஆண்டு 1894. கையை நுழைத்ததும் கையுறை அதற்கேற்பச் சற்று இசைந்து கொடுப்பதைப் போலப் பொந்தும் இசைந்து கொடுக்கின்றது என்று பிற்காலத்தவர் அந்த உவமையைத் திருத்தினர். எவ்வாறாயினும் ஓர் உண்மையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: நொதியத்தின் வேலை முழுவதும் அந்தச் சிறு பொந்தில்தான் நடக்கின்றது. இவ்வுரையின் பிற்பகுதி முழுவதும் அந்தப் பொந்தைப் பற்றியதே.

ஹந்தானை மலையில் ஒரு பாடம்

நொதியம் தொழிற்படுவதையும் அது நிறுத்தப்படுவதையும் நம் கண்ணாலேயே காணக்கூடிய இடம் கண்டிக்கு மிக அருகில் இருக்கின்றது. 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் ஹேவாஹெட்டைப் பகுதியில் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அன்று தொடங்கிய தொழில் இந்நாட்டின் அடையாளமாகிவிட்டது. ஹந்தானையில் பழைய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடமொன்றில் இயங்கும் தேயிலை நூதனசாலைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், அங்குள்ள பழைய இயந்திரங்களைக் காட்டி இதனை விளக்கலாம்.

பச்சைக் கொழுந்து கறுப்புத் தேயிலையாவது எப்படி? கொழுந்தினுள் நிறமற்ற ஒரு வகைப் பொருள்கள் இருக்கின்றன. அவற்றை மாற்றவல்ல நொதியமும் அதே இலையில் இருக்கின்றது. ஆனால் கலத்தினுள் இரண்டும் வெவ்வேறு அறைகளில் அடைக்கப்பட்டிருக்கின்றன. பறித்த கொழுந்தை வாடவைத்து உருட்டும் இயந்திரத்தில் இடும்போது கலங்கள் நசுங்கி, அறைச் சுவர்கள் உடைகின்றன. இரண்டும் ஒன்றுசேர, காற்றிலுள்ள ஒட்சிசனும் கலக்க, நொதியம் வேலையைத் தொடங்குகின்றது. பச்சை நிறம் செம்பாகின்றது, மணம் எழுகின்றது. நம் கோப்பையில் காணும் பொன்னிறமும் செந்நிறமும் அந்நொதியத்தின் உழைப்பே. கத்தரிக்காயை நறுக்கி வைத்தால் கறுப்பதும் இதே வகை நொதியத்தினால்தான். அதனால்தான் உம்மா நறுக்கிய துண்டுகளை உடனே நீரில் போடுகின்றார்.

உரிய நேரம் வந்ததும் தேயிலைத் தொழிற்சாலையில் என்ன செய்கிறார்கள்? இலையைக் கடும் வெப்பக் காற்றில் உலர்த்துகின்றார்கள். வெப்பத்தில் புரதத்தின் மடிப்புகள் குலைகின்றன, பொந்து உருவழிந்து போகின்றது, நொதியம் ஓய்கின்றது. நேரம் தவறினால் தேயிலை கெடும். பச்சைத் தேயிலை செய்பவர்களோ தொடக்கத்திலேயே சூடேற்றி நொதியத்தை நிறுத்திவிடுகின்றார்கள். ஆகவே அது பச்சையாகவே இருக்கின்றது. ஒரே செடி, ஒரே இலை. நொதியத்தை எப்போது நிறுத்தினோம் என்பதே வேறுபாடு.

ஆகவே, நொதியத்தை நிறுத்தும் ஒரு வழி வெப்பம். இன்னொரு வழியும் உண்டு. வெப்பம் தேவையில்லை, வடிவத்தைக் குலைக்கத் தேவையில்லை. அந்தப் பொந்தை அடைத்துவிட்டால் போதும். தேயிலையில் நொதியத்தை நிறுத்துவது கைத்தொழில். மனித உடலில் அது நிகழ்ந்தால் என்னவாகும்?

அழைப்பு மணியும் விரலும்

நீங்கள் கையை உயர்த்த நினைக்கின்றீர்கள், கை உயர்கின்றது. நரம்பின் முனைக்கும் தசைக்கும் இடையில் மிகச் சிறியதோர் இடைவெளி இருக்கின்றது. நரம்பு, அசற்றைல்கோலின் என்னும் ஒரு தூதுப் பொருளை அந்த இடைவெளியில் விடுகின்றது. அது தசையைத் தொட்டதும் தசை சுருங்குகின்றது. வீட்டு வாசலில் அழைப்பு மணியை அழுத்துவதைப் போன்றது இது.

ஆனால் மணியை அழுத்திய விரல் எடுக்கப்பட வேண்டுமல்லவா? எடுக்காவிட்டால் மணி ஓயாமல் அலறும். கடைசியில் பழுதாகி ஓசையே எழாமல் போகும். அந்த விரலை எடுத்துவிடுவதற்கென்றே ஒரு நொதியம் அங்கே காவல் நிற்கின்றது. அதன் பெயர் அசற்றைல்கோலின் எசுத்தரேசு. ஒரு மூலக்கூறு, ஒரு செக்கனில் ஆயிரக்கணக்கான தூதுப் பொருள்களை உடைத்து அப்புறப்படுத்துகின்றது. நாம் எழுத்தாணி பிடிப்பதும், பேசுவதும், மூச்சு விடுவதும் அந்த நொதியம் தன் கடமையைத் தவறாது செய்வதனால்தான்.

சேதனப் பொசுபரசுச் சேர்வைகள் எனப்படும் ஒரு குடும்பத்து இரசாயனங்கள் இருக்கின்றன. பூச்சிகளைக் கொல்வதற்காக 1930களில் ஜெர்மனியில் உருவாக்கப்பட்டு, பின்னர் உலகெங்கும் பரவியவை. பூச்சியின் நரம்பிலும் இதே நொதியம் உண்டு. இவ்விரசாயனம் அந்நொதியத்தின் பொந்தினுள் சாவியைப் போல நுழைகின்றது. உண்மைச் சாவி திறந்துவிட்டு வெளியே வந்துவிடும்; இந்தப் பொய்ச் சாவியோ உள்ளேயே உடைந்து, பூட்டோடு ஒட்டிக்கொள்கின்றது. நேரம் செல்லச் செல்ல அந்தப் பிணைப்பு மேலும் இறுகி, நொதியம் மீளமுடியாத நிலையை அடைகின்றது.

பூச்சியின் பூட்டும் மனிதனின் பூட்டும் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதே இங்குள்ள ஆபத்து. தெளிப்பவரின் தோலினூடாகவும், மூச்சினூடாகவும், வாயினூடாகவும் அது உட்செல்லும். அப்போது மணி ஓயாமல் அடிக்கின்றது. வாயில் நீர் வடியும், கண்ணீர் பெருகும், வியர்வை கொட்டும், கண்ணின் மணி ஊசிமுனையளவாகச் சுருங்கும், வாந்தியும் வயிற்றோட்டமும் ஏற்படும், நெஞ்சில் சளி நிறையும், தசைகள் துடிக்கும், பின்னர் சோரும். மூச்சுக்குரிய தசையும் சோர்ந்துவிடலாம்.

நாம் எவ்வளவு அசட்டையாக இருக்கின்றோம் என்பதை நம் மொழியே காட்டிக்கொடுக்கின்றது. தோட்டத்துக்கு "மருந்து அடிக்கப் போகின்றேன்" என்கின்றோம். "மருந்துப் போத்தல் எங்கே?" என்று கேட்கின்றோம். நஞ்சுக்கு மருந்து என்று பெயரிட்டு, அதே பெயரைக் குழந்தையின் இருமல் பாணிக்கும் சொல்கின்றோம். கேட்கும் பிள்ளைக்கு வேறுபாடு எப்படித் தெரியும்?

பேராதனை கற்றுத்தந்தது

அன்பான நேயர்களே! இந்த நொதியத்தைப் பற்றி உலக மருத்துவம் அறிந்துகொண்ட ஒரு பெரிய உண்மை நம் கண்டி மண்ணிலிருந்தே சென்றது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

நஞ்சூட்டத்துக்கு உள்ளான ஒருவர் முதல் நாளின் ஆபத்தைக் கடந்துவிட்டால் பிழைத்துவிட்டார் என்று கருதுவது இயல்பு. பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தைச் சேர்ந்த நிமல் சேனாநாயக்க, லக்ஷ்மன் கரள்ளியத்த ஆகிய இருவரும் தம்மிடம் வந்த நோயாளர்களை உன்னிப்பாக அவதானித்தனர். முதற் கட்டத்தைத் தாண்டித் தேறியவர்கள் போலத் தோன்றிய சிலருக்கு, 24 மணித்தியாலம் முதல் 96 மணித்தியாலம் வரையான காலத்தில் கழுத்துத் தசைகளும், தோளையும் தொடையையும் அசைக்கும் தசைகளும், மூச்சுத் தசைகளும் செயலிழந்து போவதை அவர்கள் கண்டனர். பத்து நோயாளர்களைப் பற்றிய அவர்களது கட்டுரை 1987ஆம் ஆண்டு அமெரிக்காவின் புகழ்பெற்ற நியூ இங்கிலாந்து மருத்துவச் சஞ்சிகையில் வெளியாகியது. முதற் கட்டத்துக்கும் பிந்திய நரம்புப் பாதிப்புக்கும் நடுவில் வருவதால் அதற்கு "இடைநிலை நோய்க்குறித் தொகுதி" என்னும் பொருள்படும் பெயரை இட்டனர். இன்று உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் அப்பெயரைக் கற்கின்றார்கள்.

இதில் நமக்குள்ள பாடம் என்ன? "இப்போது சுகமாகிவிட்டது, வீட்டுக்குக் கூட்டிப்போவோம்" என்று உறவினர் வைத்தியசாலையில் அவசரப்படுவதுண்டு. படுத்திருப்பவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் தவிப்பது அந்த இடைநிலைப் பாதிப்பின் முன் அறிகுறியாக இருக்கலாம். வைத்தியர் போகச் சொல்லும்வரை நோயாளி அங்கேயே இருக்க வேண்டும். அற்றோபீன் என்னும் மருந்து, அளவுக்கு மிஞ்சிய தூதுச் செய்தியின் ஒரு பகுதியைத் தடுக்கும். ஆனால் அடைபட்ட நொதியத்தை அது திறப்பதில்லை, தளர்ந்த தசையை அது எழுப்புவதுமில்லை. உடல் புதிய நொதியத்தை உருவாக்கும்வரை சில வேளைகளில் இயந்திரம்தான் மூச்சுவிட வைக்க வேண்டியிருக்கும். ஒரு நொடியில் அடைபட்ட பூட்டுக்குப் பதிலாகப் புதிய பூட்டுகள் செய்ய உடலுக்கு நாட்களும் வாரங்களும் வேண்டும்.

எண்ணெய்ப் பாத்திரமும் மா மூட்டையும்

இன்னொரு சம்பவத்தையும் கேளுங்கள். 1977, 1978ஆம் ஆண்டுகளில் நம் நாட்டில் இருபதுக்கும் மேற்பட்ட இளம் பெண்பிள்ளைகளின் கைகால்கள் காரணம் தெரியாமல் வலுவிழந்தன. நரம்புகள் பழுதுபட்டிருந்தன. ஆராய்ந்தபோது, அப்பிள்ளைகள் எல்லோரும் அண்மையில் பருவமடைந்தவர்கள் என்பதும், அக்காலத்து வழக்கப்படி அவர்களுக்கு நல்லெண்ணெய் கொடுக்கப்பட்டிருந்தது என்பதும் தெரியவந்தது. அந்த எண்ணெயில் திரிகிரெசில் பொசுபேற்று என்னும் கைத்தொழில் இரசாயனம் கலந்திருந்தது. முன்னர் கனிய எண்ணெய் வைத்திருந்த பாத்திரங்களில் நல்லெண்ணெய் கொண்டுசெல்லப்பட்டதே காரணமாக இருக்கலாம் என்று கண்டறியப்பட்டது. இந்த இரசாயனம் அடைப்பது நரம்பிழையோடு தொடர்புடைய வேறொரு நொதியத்தின் பொந்தை. அதன் விளைவு உடனே தெரிவதில்லை; நாட்கள் கழிந்த பின்னரே கால் தளர்கின்றது. இதனை ஆராய்ந்து 1981ஆம் ஆண்டு லான்செட் சஞ்சிகையில் எழுதியவர்களில் ஒருவரும் அதே நிமல் சேனாநாயக்கதான்.

மகளின் நலத்துக்கென்று தாய் அன்போடு ஊட்டிய எண்ணெய் அது. அந்தத் தாய் செய்த பிழை என்ன? ஒன்றுமில்லை. பிழை, பாத்திரத்தைப் பார்க்காமல் எண்ணெயை ஊற்றிய கையில் இருந்தது.

1958ஆம் ஆண்டு இந்தியாவின் கேரளாவில் கோதுமை மா உண்டவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஒன்றாக ஏற்றி வரப்பட்ட சேதனப் பொசுபரசுப் பூச்சிகொல்லி கசிந்து உணவுப் பொருளில் கலந்திருந்தது. நம் சமூகத்தில் வியாபாரிகள் பலர் இருக்கின்றார்கள். அன்பின் வியாபாரச் சகோதரர்களே! ஒரே லொறியில் மாவையும் பீடைநாசினியையும் ஏற்றாதீர்கள். ஒரே இறாக்கையில் அவற்றை அடுக்காதீர்கள். இரசாயனம் வந்த பீப்பாயையும் கொள்கலனையும் எவ்வளவு கழுவினாலும் எண்ணெய்க்கோ தண்ணீருக்கோ விற்காதீர்கள். உங்கள் கடைக்கு வருபவர் உங்களை நம்பியே வாங்குகின்றார். அந்த நம்பிக்கை ஓர் அமானிதம்.

வாலிபர்களுக்கும் பெற்றோருக்கும்

இனிச் சொல்லப்போவது மனதுக்குப் பாரமானது. ஆயினும் மறைத்துப் பயனில்லை. 1995ஆம் ஆண்டளவில் நம் நாட்டில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் தற்கொலை மரணங்கள் நிகழ்ந்தன. அது அன்று உலகின் மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்று. அதில் பீடைநாசினிகளுக்குப் பெரும் பங்கிருந்தது. பேராதனையில் உள்ள விவசாயத் திணைக்களத்தின் கீழ் இயங்கும் பீடைநாசினிப் பதிவாளர் அலுவலகத்தின் ஊடாக, மிகக் கொடிய வகைகள் 1984, 1995, 1998 ஆகிய ஆண்டுகளிலும், பின்னர் 2008 முதல் 2011 வரையிலும் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. இருபது ஆண்டுகளுக்குள் அந்த விகிதம் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைந்தது. பல்லாயிரம் உயிர்கள் எஞ்சின.

இது நமக்கு எதைக் காட்டுகின்றது? மனிதர்களின் கவலைகள் அந்த ஆண்டுகளில் குறைந்துவிடவில்லை. கடனும், பரீட்சைத் தோல்வியும், குடும்பச் சண்டையும் அப்போதும் இருந்தன. ஆனால் கொதிக்கும் அந்தச் சிறிது நேரத்தில் கையெட்டும் தூரத்தில் நஞ்சு இருக்கவில்லை. நேரம் கடந்தது, கொதிப்பு அடங்கியது, அவர்கள் வாழ்ந்தார்கள். அவ்வாறு உயிர் தப்பியவர்களில் பெரும்பாலானோர் பின்னர் அவ்வழியில் மடிவதில்லை என்பதே மருத்துவ உலகின் அனுபவம். தாங்க முடியாதது என்று தோன்றும் வேதனை, தாங்கக் கூடியதாக மாறுவதற்குச் சிறிது காலமும் ஒரு துணையும் போதுமாக இருக்கின்றன.

அன்பின் வாலிபர்களே, பெண்மக்களே! மனம் இருண்டுபோகும் வேளையில் தனித்திருக்காதீர்கள். உம்மாவிடம் சொல்லுங்கள், வாப்பாவிடம் சொல்லத் தயங்கினால் நானாவிடமோ ராத்தாவிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள். எவரிடமும் சொல்ல முடியவில்லையாயின் 1926 என்னும் தேசிய மனநல உதவி இலக்கத்தை அழையுங்கள். உதவி கேட்பது குறைவல்ல. நொதியமே தனித்து எதையும் சாதிப்பதில்லை. உரிய பொருள் வந்து சேர வேண்டும், உரிய சூழல் அமைய வேண்டும். நாம் மட்டும் எப்படித் தனித்து நிற்போம்?

அன்பின் பெற்றோர்களே! பிள்ளை சொல்ல வரும்போது, தீர்ப்புச் சொல்வதற்கு முன் செவி கொடுங்கள். பரீட்சைப் பெறுபேறு வரும் வாரத்தில் பிள்ளையை மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள். வீட்டில் பீடைநாசினி வைத்திருக்கத்தான் வேண்டுமா என்று முதலில் உங்களையே கேளுங்கள். நான்கு மிளகாய்ச் செடிக்காக ஒரு போத்தல் நஞ்சை வீட்டில் வைத்திருப்பது தகுமா? தொழிலுக்கு அவசியமானால், தேவைக்கு மேல் வாங்காதீர்கள். வீட்டுக்கு வெளியே பூட்டிய பெட்டியில் வையுங்கள். சாவி உங்களிடம் இருக்கட்டும். சோடாப் போத்தலிலோ தண்ணீர்ப் போத்தலிலோ ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். தெளிக்கும்போது கையுறையும் முகக்கவசமும் நீண்ட கைச் சட்டையும் அணியுங்கள். காற்றை எதிர்த்து நின்று தெளிக்காதீர்கள். அந்த உடையோடு குழந்தையைத் தூக்காதீர்கள். குளித்து உடைமாற்றிய பின்னரே வீட்டுக்குள் நுழையுங்கள். மறந்தும் அதனை மருந்து என்று அழைக்காதீர்கள். நஞ்சு என்றே சொல்லிப் பழகுங்கள்.

எவருக்காவது நஞ்சு பட்டுவிட்டால் கைவைத்தியம் செய்து நேரத்தைப் போக்காதீர்கள். வாந்தியெடுக்க வைக்க முயல வேண்டாம். வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். நஞ்சு பட்ட உடையைக் களைந்து, தோலைச் சவர்க்காரமிட்டு நிறைய நீரால் கழுவுங்கள். உதவுபவர் கையுறையோ பொலித்தீன் பையோ அணிந்து தம் கையைக் காத்துக்கொள்ள வேண்டும். 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் இலவச அம்பியூலன்ஸ் வரும். பீடைநாசினிப் போத்தலின் விவரச்சீட்டைத் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள். எந்தப் பூட்டு அடைபட்டிருக்கின்றது என்பதை வைத்தியர் அதிலிருந்துதான் விரைவாக அறிவார். வெட்கத்தினால் எதையும் மறைக்காதீர்கள்.

மதிப்பிற்குரிய நேயர்களே! ஒரு பிடி சோற்றில் தொடங்கி, தேயிலைக் கொழுந்தைக் கண்டு, நரம்பின் முனைவரை வந்திருக்கின்றோம். எங்கும் நாம் கண்டது ஒன்றே: தன்னை முன்னிறுத்தாமல், செய்த வேலையினால் தேய்ந்து போகாமல், உரிய வேகத்தில் வாழ்வை நடத்திவைக்கும் ஒரு சிறு பொருள். அதன் பொந்து ஒரு கடுகின் கோடியில் ஒரு பங்கைவிடவும் சிறியது. அதனைக் கண்ணால் காண நம்மால் இயலாது. ஆனால் அதனை அடைக்கவல்ல நஞ்சை எங்கே வைத்திருக்கின்றோம் என்பதை நாம் காண முடியும். இவ்வுரையைக் கேட்டு முடித்ததும், இவ்வேட்டை வாசித்து முடித்ததும், எழுந்து போய் வீட்டுப் பின்புறத்தையும் குளியலறை மாடத்தையும் கடையின் கீழ்த்தட்டையும் ஒருமுறை பாருங்கள். பெயரில்லாத போத்தல் ஒன்று அங்கே நின்றால், இன்றே அதனை அங்கிருந்து அகற்றிப் பூட்டிய பெட்டியில் வையுங்கள். பின்னர் விவசாய ஆலோசகரிடம் கேட்டு முறைப்படி ஒப்படையுங்கள்.

நமக்கு ஒப்படைக்கப்பட்ட இவ்வுடலையும் நம் பிள்ளைகளின் உடலையும் அமானிதமாகப் பேணும் பொறுப்பை உணர்ந்தவர்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்குவானாக.